டீச்சரிடம் கேளுங்கள்: ஐந்து அப்பமும் அரைப் பேரும்

போன இதழில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் தரம் 9 பிள்ளைகளோடு நான் செய்த வேதாகமக் குழு ஒப்படையைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். இயேசு ஐயாயிரம் பேருக்கு உணவு கொடுத்த சம்பவத்தை நான்கு நற்செய்திகளிலும் வாசித்து ஒப்பிட்டுவிட்டு, அதன் பிறகு திராட்சைத் தோட்டக் கூலியாட்களின் உவமையையும் படித்த வேலை அது. அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதம் வருமென்று ஆசிரியர் குழுவே எதிர்பார்க்கவில்லை. பாதிக் கடிதங்கள் புள்ளிகளைப் பற்றியவை. பெற்றோருக்கு வேறு என்ன கவலை! சரி, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: என் மகள் தரம் 10. சமயப் பாடத்துக்குக் குழு ஒப்படை கொடுத்தார்கள். குழுவில் ஐந்து பேர். எழுதியது, படம் வரைந்தது, டவுனுக்கு ஓடி பிரிஸ்டல் போட் வாங்கியது எல்லாம் இவள்தான். மற்ற நாலு பேரும் பெயர் மட்டும் எழுதினார்கள். எல்லாருக்கும் ஒரே புள்ளி. வேதம் படிக்க எதற்குக் குழு? தனியாக ஜெபித்துப் படித்தால் போதாதா?
ஒரு தாய், தலவாக்கலை

உங்கள் கோபம் நியாயம்தான் அம்மா. ஆனால் அந்த நாலு பிள்ளைகளை ரொம்ப ஏசாதீர்கள். ஒருத்தி தனியாகச் செய்து முடிக்கக்கூடிய வேலையை ஐந்து பேரிடம் கொடுத்தால் எந்த ஊரிலும் ஒருத்திதான் செய்வாள். வேலையைப் பிரித்த விதத்தில்தான் கோளாறு.

நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். முதலில் வகுப்பை நாலாகப் பிரித்தோம். ஒரு குழுவுக்கு மத்தேயு 14, இன்னொன்றுக்கு மாற்கு 6, மூன்றாவதுக்கு லூக்கா 9, நாலாவதுக்கு யோவான் 6. மற்றவர்களுடைய பகுதியைப் பார்க்கக் கூடாது. தங்கள் பகுதியை மட்டும் கரைத்துக் குடிக்க வேண்டும்: எங்கே நடந்தது, யார் பேசினார்கள், எவ்வளவு அப்பம், எவ்வளவு மீன், மிச்சம் எத்தனை கூடை. அடுத்த பாடவேளையில் குழுக்களைக் கலைத்து, ஒவ்வொரு மேசையிலும் நாலு நற்செய்திக்கும் ஆள் இருக்கிற மாதிரி புதிதாக உட்கார வைத்தோம். இப்போது லூக்கா படித்த பிள்ளை வாயைத் திறக்காவிட்டால் அந்த மேசைக்கு லூக்காவே இல்லை. பெயரை மட்டும் எழுதிவிட்டு உட்கார்ந்திருக்க வழியில்லை.

இது என் மூளையில் உதித்தது அல்ல. அமெரிக்காவின் ஒஸ்டின் நகரில் கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளையினப் பிள்ளைகளும் முதன்முதலாக ஒரே வகுப்பில் உட்கார வேண்டி வந்து, ஒருவரோடு ஒருவர் முறைத்துக்கொண்டிருந்த காலத்தில், 1971-ல் எலியட் அரன்சன் என்ற உளவியலாளர் உருவாக்கிய முறை. ஜிக்சோ வகுப்பறை என்பார்கள்.

எங்கள் வகுப்பில் முதல் சண்டை எதில் வந்தது தெரியுமா? அப்பம் கொண்டுவந்த பையனில். ஞாயிறு பாடசாலைப் படங்களில் எல்லாம் அவன் கூடையோடு நிற்பான், இல்லையா? மாற்கு படித்த மகன் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறான், பையனைக் காணவில்லை. “டீச்சர், என் பைபிளில் ஒரு வசனம் விட்டுப்போயிருக்கிறது” என்று எழுந்து நின்றான். மத்தேயுக்காரியிடமும் இல்லை, லூக்காக்காரனிடமும் இல்லை. யோவானில் மட்டும்தான் பையன் வருகிறான். அவனிடம் இருந்தவை வாற்கோதுமை அப்பங்கள் என்று சொல்வதும் யோவான் மட்டும்தான். சின்ன வயதிலிருந்து கேட்ட கதையை அன்றைக்குத்தான் அந்தப் பிள்ளைகள் முதன்முதலாக வாசித்தார்கள் என்று சொல்வேன்.

அப்புறம் மத்தேயுக்காரி. பெண்களும் பிள்ளைகளும் தவிர ஆண்கள் மட்டும் ஐயாயிரம் என்று அங்கே இருக்கிறது. “கொழுந்து எடுக்கிறவர்களைக் கணக்கெடுத்துவிட்டுப் பெண்களை விட்டுவிட்டால் எங்கள் மலையில் யார் மிஞ்சுவார்கள்?” என்று கேட்டாள். ஆண் பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டார்கள்.

ஆனால் அவர்கள் அதிக நேரம் மினக்கெட்டது பிலிப்புவின் கணக்கில். இருநூறு பணத்துக்கு அப்பம் வாங்கினாலும் ஆளுக்குக் கொஞ்சங்கூட வராது என்று யோவானில் பிலிப்பு சொல்கிறார். அந்தப் பணம் ஒன்று, அந்தக் காலத்தில் ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம். தோட்டத்து நாட்சம்பளம் 1,000 ரூபாயாக இருந்த நேரம் அது. இருநூறு நாளுக்கு 2,00,000 ரூபாய். ஐயாயிரத்தால் பிரித்தால் ஆளுக்கு 40 ரூபாய். “நாப்பது ரூபாய்க்கு ஒரு பணிஸ் தருவானா?” என்று ஒருவன் கேட்க, கடைக்காரரின் மகன் “தர மாட்டோம்” என்றான். 2024 செப்டம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனபோது வீட்டில் உட்கார்ந்து அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். 54 ரூபாய் வந்தது. பிலிப்பு சொன்னது அப்போதும் சரிதான்.

தனியாக ஜெபித்துப் படிப்பதை யார் வேண்டாம் என்றது? அதுவும் வேண்டும். ஆனால் அப்போஸ்தலர் நடபடிகள் 8-ல், இரதத்தில் இருந்து ஏசாயாவை வாசித்துக்கொண்டு போன எத்தியோப்பிய அதிகாரியிடம் “வாசிப்பது விளங்குகிறதா?” என்று கேட்டபோது, ஒருவர் விளக்காவிட்டால் எப்படி விளங்கும் என்றுதானே அவர் பதில் சொன்னார்? உங்கள் மகளுக்கு நல்ல கையெழுத்து இருப்பது தெரிகிறது. அடுத்த முறை அந்தப் பேனாவை வேறொரு பிள்ளையிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: புதிதாக நியமனம் பெற்று இறம்பொடைப் பக்கம் வந்திருக்கிறேன். என் சமய வகுப்பில் கத்தோலிக்கம், அங்கிலிக்கன், மெதடிஸ்த, பெந்தெகொஸ்தே என்று எல்லாப் பிள்ளைகளும் ஒரே அறையில். ஒவ்வொருவரும் ஒவ்வொரு வேதாகமம் கொண்டுவருகிறார்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்து ஒப்பிடும் வேலையைத் தொடங்கினேன். ஒரு பிள்ளையின் அப்பா வந்து, “வேதத்தில் பிழை தேடவா சொல்லிக்கொடுக்கிறீர்கள்?” என்று கேட்டுவிட்டுப் போனார். நிறுத்திவிடவா?
ஓர் ஆசிரியை

நிறுத்தாதீர்கள் தங்கச்சி. கத்தோலிக்கமும் கிறிஸ்தவமும் இங்கே இரண்டு பாடமாக இருந்தாலும், சின்னப் பாடசாலைகளில் ஒரே அறை, ஒரே டீச்சர், சில இடங்களில் அது நூலகத்தின் ஒரு மூலை. எனக்கும் அப்படித்தான்.

வேதாகமங்கள் வேறு வேறாக இருப்பதைத் தலைவலியாக எடுக்காதீர்கள். கத்தோலிக்கப் பிள்ளையின் புத்தகம் தடிப்பாக இருக்கும். அதில் 73 நூல்கள், மற்றவர்களுடையதில் 66. தோபித்து, யூதித்து, மக்கபேயர் போன்றவை கூடுதலாக உள்ளன. எல்லாம் பழைய ஏற்பாட்டுப் பக்கம்தான். நற்செய்திகள் நான்கு எல்லாரிடமும் உண்டு. கலந்த வகுப்புக்கு அதனால்தான் நற்செய்தியைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன். 1995-ல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பே கத்தோலிக்கரும் மற்றத் திருச்சபையாரும் சேர்ந்து செய்த வேலைதானே. பெரியவர்கள் சேர்ந்து உட்கார்ந்தபோது பிள்ளைகள் உட்காரக் கூடாதா?

அந்த அப்பாவை வகுப்புக்குக் கூப்பிடுங்கள். விளக்கம் சொல்லி அனுப்பப் பார்க்காதீர்கள், ஒரு கதிரை போட்டு உட்கார வையுங்கள். என் வகுப்புக்கும் ஓர் அப்பா அப்படி வந்தார். கையைக் கட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தார். ஜனங்களைப் பசும்புல்லின் மேல் உட்கார வைத்ததாக மாற்கு சொல்கிற இடத்தைப் பிள்ளைகள் வாசித்துவிட்டுத் தாண்டிப் போனார்கள். அவர் விடவில்லை. “அது எந்த மாசம்?” என்று கேட்டார். வீட்டில் மாடு வைத்திருக்கிறவர், விடிய எழுந்து புல்லுக்குப் போகிறவர். புல் எப்போது பச்சையாக இருக்கும், எப்போது காயும் என்பது அவருக்குப் பெரிய விஷயம். மாற்கில் மாசம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து யோவான் குழுவில் இருந்து ஒரு பிள்ளை, “பஸ்கா பண்டிகை கிட்ட வந்திருந்தது என்று என்னுடையதில் இருக்கு” என்றாள். பஸ்கா வருவது மார்ச், ஏப்ரல் மாதங்களில். அந்த நாட்டில் மழை குளிர்காலத்தில்தான்; கோடை தொடங்கினால் புல் காய்ந்துவிடும். ஆக, பஸ்காவையொட்டிய நாட்களில் புல் பச்சையாகத்தான் இருக்கும். ஒருவர் புல்லைச் சொன்னார், மற்றவர் பண்டிகையைச் சொன்னார், இரண்டும் பொருந்தி வருகிறது. அதற்குப் பிறகு அந்த அப்பா கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை, கதிரையை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பெரோயா ஊரார், பவுல் சொன்னதையே வேதத்தோடு தினமும் ஒத்துப்பார்த்தார்கள் என்று நடபடிகள் 17-ல் இருக்கிறது. அதைக் குற்றமாக எழுதவில்லை, பாராட்டித்தான் எழுதியிருக்கிறது. தேவைப்பட்டால் அந்த வசனத்தைக் காட்டுங்கள். ஆனால் என் அனுபவத்தில் வசனத்தைவிடக் கதிரை நன்றாக வேலை செய்யும்.

கேள்வி: மகன் இந்து. நண்பனின் பைபிள் ஒப்படைக்குப் படகும் ஏரியும் வரைந்து கொடுத்திருக்கிறான். வீட்டில் பெரியவர்கள் முணுமுணுக்கிறார்கள். தவறா?
ஒரு தந்தை, மஸ்கெலியா

இல்லை. படகு நன்றாக வந்திருந்ததா? அடுத்த மாதம் அந்த நண்பனைச் சரஸ்வதி பூஜைக்குத் தோரணம் கட்டக் கூப்பிடச் சொல்லுங்கள், கணக்குச் சரியாகிவிடும்.

கேள்வி: ஞாயிறு பாடசாலையில் திராட்சைத் தோட்டக் கூலியாட்கள் உவமையைச் சொன்னேன். பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில் “அந்த முதலாளி செய்தது அநியாயம்” என்கிறார்கள். சமாளிக்க முடியவில்லை. நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?
ஒரு வாசகி, பசறை

சமாளிக்காமல் விட்டேன். அந்த உவமையைத் தோட்டத்துப் பிள்ளைகளைப் போல் வாசிக்கத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

தெரியாதவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். மத்தேயு 20. தோட்டக்காரர் விடியற்காலையில் ஒரு நாளைக்கு ஒரு பணம் என்று பேசி ஆள் எடுக்கிறார். பிறகு ஒன்பது மணிக்கு, பன்னிரண்டு மணிக்கு, மூன்று மணிக்கு, கடைசியில் ஐந்து மணிக்கும் போய் எடுக்கிறார். பொழுது சாய்ந்ததும், கடைசியில் வந்தவர்களில் தொடங்கி எல்லாருக்கும் ஒரே பணம். வெயிலில் நாள் முழுக்க உழைத்தவர்கள் முறுமுறுக்கிறார்கள்.

எங்கள் பிள்ளைகள் இதை நடித்துக் காட்டுவதாகச் சொன்னார்கள். பாத்திரம் பிரிக்க அவர்களுக்கு நேரமே எடுக்கவில்லை. வேதம் வீட்டெஜமான் என்று சொல்கிற அந்தத் தோட்டக்காரர், தோட்டத்து துரை. கூலி கொடுக்கிற காரியக்காரன் கணக்கப்பிள்ளை. ஆட்கள் வேலைக்குக் காத்து நிற்கிற சந்தைவெளி, காலையில் ஆள் பிரித்து வேலைக்கு அனுப்புகிற பிரட்டுக்களம். கணக்கப்பிள்ளையாக நடித்த மகன் ஒரு கொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பென்சிலைக் காதில் செருகி, ஆளை நிமிர்ந்து பார்க்காமலே பேர் போட்ட அழகைப் பார்க்க வேண்டுமே! அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஐந்து மணிக்கு வந்தவனுக்கு முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், விழுந்ததும் நாடகம் நின்றுபோனது. கொழுந்துக்காரியாக நடித்த பிள்ளை நிஜமாகவே கோபப்பட்டாள். “எங்கம்மா காலையிலிருந்து எடுத்தும் கிலோ குறைந்தால் அரைப் பேர்தான். இவருக்கு ஒரு மணித்தியாலத்துக்கு முழுப் பேரா?” என்றாள். “நாளைக்குக் காலையில் பிரட்டுக்கு ஒருத்தரும் வர மாட்டார்கள், எல்லாரும் அஞ்சு மணிக்குத்தான் வருவார்கள்” என்றான் இன்னொருவன்.

அப்போது ஒரு பிள்ளை, பொதுவாகப் பேசாதவள், ஐந்து மணி வரைக்கும் ஏன் அங்கேயே நின்றார்கள் என்று கேட்டாள். புத்தகத்தைப் பாருங்கள் என்றேன். ஒருவரும் எங்களுக்கு வேலை கொடுக்கவில்லை என்று அவர்களே சொல்கிறார்கள். “அப்படியென்றால் சோம்பேறிகள் இல்லை. எங்கள் பாட்டிக்கும் இப்போது பேர் பதிய மாட்டார்கள். ஆனால் பாட்டியும் சாப்பிடத்தானே வேண்டும்” என்றாள்.

நான் எதுவும் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் கெட்டுப்போயிருக்கும். இந்த உவமையை எடுத்த எடுப்பில் பரலோகத்துக்கு ஏற்றிவிடுகிற பிரசங்கங்கள் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. கொஞ்ச நேரம் தரையில் இருக்கட்டுமே.

ஒன்று மட்டும் கவனம். “என்னுடையதை என் இஷ்டப்படி கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லையா” என்று தோட்டக்காரர் கேட்பதைப் பிடித்துக்கொண்டு, சம்பளம் கேட்பதே தப்பு என்று யாராவது பாடம் நடத்தினால் விடாதீர்கள். நமக்குத் தெரிந்த முதலாளிமார் அப்படிச் சொல்வது குறைத்துக் கொடுக்க. இவர் சொல்வது கூட்டிக் கொடுக்க. பேசிய கூலியில் ஒருவருக்கும் ஒரு சதம் குறையவில்லை. ஏழையின் கூலியை அன்றன்றே பொழுது சாயுமுன் கொடு என்று உபாகமம் 24-ம், பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5-ம் சொல்வதையும் கூடவே வாசியுங்கள். எங்கள் வகுப்பில் ஒரு மகன் கடைசிவரை சமாதானமாகவில்லை. “எனக்கு இன்னும் நியாயமாகப் படவில்லை” என்று எழுதி, காரணமும் எழுதினான். முழுப் புள்ளி போட்டேன். முறுமுறுத்தவர்களின் பேச்சை உவமையே மறைக்காமல் சொல்கிறதே.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வேதத்தில் தோட்டம் என்று வந்த இடமெல்லாம் நம்முடைய தோட்டத்தைக் கொண்டுபோய் ஒட்டாதீர்கள். யோவான் 15-ல், கனி கொடுக்கிற கொடியை இன்னும் கனி தரும்படி சுத்தம் செய்கிறார் என்று வருகிறது. நான் உடனே தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்தை உதாரணம் சொன்னேன். கவ்வாத்து வெட்டுகிறவரின் மகன் கையைத் தூக்கினான். “தேயிலையில் பூவும் காயும் வந்தால் துரை ஏசுவார் டீச்சர். கவ்வாத்து வெட்டுவது கொழுந்துக்கு, காய்க்கு இல்லை. வெட்டாமல் விட்டால்தான் மரமாகிக் காய்க்கும்.” நூற்றுக்கு நூறு சரி. எது பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்று அவர்களையே கரும்பலகையில் எழுத வைத்தேன். பொருந்தாத பக்கம்தான் நீளமாக வந்தது.

கேள்வி: எங்கள் ஒப்படையின் கடைசியில் “மீள்நோக்கு” என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். “ஒற்றுமையைக் கற்றுக்கொண்டோம், பயனுள்ளதாக இருந்தது” என்று எழுதினேன். டீச்சர் திருப்பிக் கொடுத்துவிட்டார். வேறு என்ன எழுதுவது?
ஒரு மாணவி, பண்டாரவளை

மகள், உன் டீச்சருக்கு என் வணக்கத்தைச் சொல்லு. ஒப்படை முழுவதிலும் அந்தப் பக்கத்தைத்தான் நான் முதலில் வாசிப்பேன். நீ எழுதிய இரண்டு வரியை ஒப்படை செய்யாமலே எழுதிவிடலாம், அதுதான் சிக்கல்.

நடந்ததை எழுது. வேலை தொடங்குவதற்கு முன் அந்த வேதப்பகுதியைப் பற்றி நீ என்ன நினைத்திருந்தாய்? யாருடைய பேச்சால் அது மாறியது? அவர் சரியாக என்ன சொன்னார்? மாறவில்லை என்றால் அதையும் எழுது. குழுவில் சண்டை வந்ததா, எந்த வசனத்தில் வந்தது, எப்படித் தீர்ந்தது? தீராவிட்டால் தீரவில்லை என்று எழுது. எங்கள் பிள்ளைகளில் ஒருத்தி எழுதியது எனக்கு நினைவிருக்கிறது. “பன்னிரண்டு கூடை மிச்சம் என்று நாலு பேரும் எழுதியிருக்கிறார்கள். கூடை யாருடையது என்று ஒருவரும் எழுதவில்லை. சாப்பாடு இல்லாத இடத்துக்கு வெறுங்கூடையோடு வந்தது யார்?” அவ்வளவுதான், மூன்று வரி. பதில் எனக்கும் தெரியாது. அந்தக் கேள்வியோடுதான் அடுத்த பாடவேளையைத் தொடங்கினோம்.

சொற்பிழையைப் பற்றி இப்போதைக்குக் கவலைப்படாதே. பெரிய பெரிய வார்த்தைகளைத் தேடாதே. அம்மாவுக்குச் சொல்வது போல எழுது.

கேள்வி: மலையகத்துக்குத் தமிழ் வேதாகமம் எப்படி வந்தது என்பதைப் பிள்ளைகளுக்குக் குழு ஒப்படையாகக் கொடுக்கலாமா? எங்கிருந்து தொடங்குவது?
ஒரு வாசகர், கொட்டகலை

தாராளமாகக் கொடுக்கலாம். எலும்புக்கூட்டை நான் தருகிறேன், சதையைப் பிள்ளைகள் தேடட்டும். தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1714, 1715-ல் அச்சானது. இங்கே ஒல்லாந்தர் காலத்தில் பிலிப்பு த மெல்லோவின் மொழிபெயர்ப்பு 1759-ல் கொழும்பில் வெளிவந்தது. மலைநாட்டில் 1854-ல் தோட்டத் தொழிலாளர்களுக்கென்று தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியபோது திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் வந்தார்கள். அப்போது இந்த மலைகளில் இருந்தது கோப்பி. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை போட்டது 1867-ல்தான். காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி நிற்கிற டிக்கோயா வோர்லி தேவாலயம் 1878-ல் கட்டப்பட்டது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக நல்ல இடம். கல்லறைக் கற்களில் துரைமாரின் பெயர்களைப் பார்க்கலாம். அந்தக் காலத்து உபதேசியார்களின் பெயர்களை எங்கே தேடுவது என்பதைப் பிள்ளைகளிடமே கேளுங்கள்.

தொடங்குவது வீட்டிலிருந்து. பழைய வேதாகமங்களின் முதல் பக்கத்தில் பிறப்பு, ஞானஸ்நானம், கல்யாணம் எல்லாம் எழுதி வைத்திருப்பார்கள். சில இடங்களில் ஊர்ப்பெயர்கூட இருக்கும். புத்தகத்தை வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லாதீர்கள், மழைக்குள் நாசமாகும். பார்த்து எழுதிக்கொண்டு வந்தால் போதும்.

கேள்வி: முடிந்த ஒப்படைகளை எங்கே வைப்பது? லயத்து அறையில் ஆள் படுக்கவே இடமில்லை.
ஒரு தந்தை, பூண்டுலோயா

வைக்க வேண்டாம். ஒரு போட்டோ எடுத்துவிட்டுத் தாளைப் பாடசாலைக்கே திருப்பிக் கொடுங்கள். 2022-ல் தாள் தட்டுப்பாடு வந்தபோது நாங்கள் பழைய கலண்டரின் பின்பக்கத்தில்தான் எழுதினோம். பிரிஸ்டல் போட்டுக்கும் பின்பக்கம் உண்டு. அடுத்த வருடப் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். மீள்நோக்குப் பக்கத்தை மட்டும் வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அதற்குக் கொப்பி மட்டை அளவு இடம் போதும்.